ஃபிரிட்ஜ் என்றால் என்ன?

போன செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டில் ஒரேயொரு மார்க்குக்காகப் பெரிய அமளி. அழுதது மகள் வனிதா. கத்தியது நான்!

நாலாம் வகுப்பு இங்கிலிஷ் சோதனை. பத்துச் சொற்களுக்குத் தமிழில் எளிய விளக்கம் எழுத வேண்டும். அம்ப்ரெல்லா என்றால் மழைக்குப் பிடிப்பது... இப்படி ஒன்பதும் சரி. பத்தாவது, ஃபிரிட்ஜ்.

வனிதா எழுதியது: ‘எலி கடிக்காமல் அரிசி வைக்கிற வெள்ளை அலுமாரி.’

சிவப்புப் பேனையால் பெரிய பிழைக்குறி போட்டு, கீழே ரீச்சர் எழுதியிருந்தார்: ‘பொய் எழுதக்கூடாது.’

“நான் பொய் எழுதல்லப்பா. ரீச்சர் அத எல்லாருக்கும் முன்னால வாசிச்சிட்டாவு. இனி நான் பள்ளிக்கூடம் போகமாட்டன்!”

பொய்யா? மாமனார் சீதனமாகத் தந்த ஃபிரிட்ஜ் அது. யுத்தத்தில் ஊருக்குக் கரண்ட் நின்றபோது வனிதா பிறக்கவேயில்லை; இன்றுவரை அது திரும்பி வரவுமில்லை. அவளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அதற்குள் அரிசிதான் — மேல் தட்டில் சீனி. உங்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்குள் என்ன? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள் பார்ப்போம்.

“இஞ்ச பாருங்க, ரீச்சரோட சண்டை பிடிச்சிராதீங்க,” என்றாள் மனைவி. நான் கேட்கிற ஆளா? மகளைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு, வாவிக்கு அந்தப் பக்கமிருக்கும் ரீச்சர் வீட்டுக்குப் புறப்பட்டேன்.

கல்லடிப் பாலத்தடியில் காவல் நின்ற ஆமிக்காரர் மறித்து, எங்கே போகிறாய் என்றார். ஃபிரிட்ஜுக்கு நியாயம் கேட்கப் போகிறேன் என்றா சொல்வது? கடைக்கு என்றேன். மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். மகள் பொய் சொல்லவில்லை என்று சண்டை பிடிக்கப் போகிற ஆள் அல்லவா நான்!

ரீச்சர் எங்களை இருத்தினார். வழிநெடுகப் பாடமாக்கிய பேச்சை நான் தொடங்கியதுமே கையைக் காட்டி மறித்தார்.

“கொஞ்சம் பொறுங்க. மார்க் கொப்பியை எடுத்திட்டு வாறன். பாத்துக் கதைப்பம்.”

எழுந்துபோய் மூலையில் நின்ற ஃபிரிட்ஜைத் திறந்தார்.

உள்ளே ஒரு தட்டில் பிள்ளைகளின் பாடக் கொப்பிகள். மற்றத் தட்டில் மடித்த சாரிகள்.

கதவைப் பிடித்தபடியே ரீச்சர் நின்றார். வனிதாதான் மெல்லக் கேட்டாள்.

“ரீச்சர், உங்கட வீட்டிலயும் எலியா?”

“இல்ல புள்ள... கரப்பான்.”

அதற்குமேல் அவரால் அடக்க முடியவில்லை, சிரித்தார். நாங்களும்தான். பிறகு வனிதாவின் தலையைத் தடவினார். “புத்தகத்தில கிடந்ததைப் பாத்துத் திருத்திப்போட்டன். நாளைக்கு எல்லாருக்கும் முன்னால, நீ எழுதினது சரியெண்டு சொல்லுறன். என்ன, வருவாய்தானே?”

“ஓம் ரீச்சர்!”

நாங்கள் படியிறங்கும்போது ரீச்சர் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

“ஆனா பெரிய சோதனையில இப்பிடி எழுதிராத புள்ள. அந்தப் பேப்பர் திருத்துற வெளியூர் ஆக்கள்ட வீட்டில கரண்ட் இருக்கும்!”