இரண்டாம் வளைவில் இறங்கச் சொன்னவர்

காரிலிருந்து பெட்ரோல் என்ஜினைக் கழற்றி இறக்கிய அன்று ஷெட்டுப் புளியமரத்தடியில் பாவா இருந்தார், அவருடைய அம்மா இருந்தார், அரக்கோணத்திலிருந்து வந்த மெக்கானிக் இருந்தார், வேடிக்கை பார்க்க டாக்ஸி ஸ்டாண்டு டிரைவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள், கயிறு பிடிக்க நான் இருந்தேன். அக்கா மட்டும் இல்லை. மாற்றி வைக்கப் போகும் டீசல் என்ஜின், அவள் கழுத்திலிருந்தும் கையிலிருந்தும் கழற்றிய ஏழு சவரனுக்கு வாங்கியது. ஆனாலும் “பொம்பளைங்க எதிர்ல என்ஜின் தூக்கக் கூடாது” என்று சொல்லி, பாவா அவளை எல்லோருக்குமாகச் சோறு வடிக்க வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். அவருடைய அம்மா எந்தக் கணக்கில் வந்தார் என்று யாரும் கேட்கவில்லை.

அக்காவின் கணவரை நாங்கள் பாவா என்போம். பள்ளிப்பட்டில் தறி ஓட்டும் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைக் கடைசிவரை பார்த்தவன் நான் ஒருவன்தான். கல்லூரிக்கு ரயில் பிடிக்க வசதியாக இருக்கும் என்று திருத்தணியில் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். அப்போதுதான் பாவா மெட்ராஸில் ஒரு டாக்டர் ஓட்டிக் களைத்துப்போன பழைய காரை வாங்கி வந்தார். இரண்டு குடும்பத்துக்கும் அதுதான் முதல் கார். ஸ்டேஷனில் இறங்கும் பக்தர்களை மலைக்கு ஏற்றிப் போகும் டாக்ஸியாக அதை ஓட்டினார். ஆள் நல்ல சிவப்பு, சுருட்டை முடி, எந்நேரமும் சிரித்த முகம். நாலு பேர் கூடினால் நடுவில் அவர்தான் இருப்பார். யாரையும் அவர் கை நீட்டி அடித்ததில்லை. அதனாலேயே அவரைக் குறை சொல்ல ஊரில் யாருக்கும் வார்த்தை கிடைக்கவில்லை.

காரில் நிறைய ஆள் ஏறினால் மலைப்பாதையின் இரண்டாம் வளைவில் அது மூச்சு வாங்கி நின்றுவிடும். பின்சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுவது லீவு நாட்களில் என் வேலை. கட்டை போட்டதும் ஆட்களை இறக்கி, வளைவு தாண்டியபின் ஏற்றிக்கொள்வார்கள். மற்ற டாக்ஸிகளிலும் இது உண்டு. யார் இறங்குவது என்பதில் ஆளுக்கு ஒரு முறை வைத்திருப்பார்கள். பாவாவின் முறையில், அக்கா வண்டியில் இருக்கும் நாளெல்லாம் இறங்குபவள் அக்கா மட்டும்தான். அக்காவுக்குப் பெரிய உடம்பு. “மூட்ட எறங்கட்டும், அப்பறம் பாருங்க” என்பார் பின்னால் திரும்பி. அவள் சேலையைச் சுருட்டிக்கொண்டு இறங்குவாள். கார் ஒரு உறுமலோடு கிளம்பும். “பாத்தீங்களா? நான் சொல்லல?” உள்ளே இருக்கும் ஜனம் சிரிக்கும். அவள் இறங்கியதாலா, கார் ஆறியதாலா என்று யாருக்குத் தெரியும். அவர் மறுபடி நிறுத்தி ஏற்றிக்கொள்ளவும் மாட்டார். உச்சி வரைக்கும் வெயிலில் நடந்து வந்து, கோயில் வாசலில் எங்களோடு சேர்ந்துகொள்வாள். என்னிடம், “காத்து நல்லா வந்திச்சிடா” என்பாள்.

அதனால் டீசல் என்ஜினுக்காகப் பாவா நகையைக் கேட்டபோது அக்கா அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள். நான் அடுக்களை வாசலில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன்.

“புது என்ஜின் போட்டா நான் எறங்க வேணாம் இல்ல?”

“இன்னாத்துக்கு எறங்கற? ராணி மாதிரி குந்திகினு வா.”

அந்த ஒரு வாக்குக்குத்தான் ஏழு சவரன்.

டீசல் என்ஜின் வாக்கைக் காப்பாற்றியது. வேலை முடிந்த வெள்ளிக்கிழமை எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் நசுக்கிவிட்டு எல்லோரும் மலைக்குப் போனோம். இரண்டாம் வளைவு வரும்போது அக்கா முன்சீட்டின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். கார் குலுங்கியது, கத்தியது, ஏறியது. “தாண்டியாச்சு அக்கா” என்றேன். கண்ணைத் திறந்து பின்கண்ணாடி வழியாக, கீழே போய்க்கொண்டிருந்த அந்த வளைவைப் பார்த்தாள். சிரித்தபடியே இருந்தாள். அவள் மலைமேல் உட்கார்ந்தபடி போய்ச் சேர்ந்தது அன்று ஒரு நாள்தான்.

மலையில் இழுத்த கார், சமவெளியில் மானத்தை வாங்கியது. டீசல் என்ஜின் பெட்ரோல் போல வேகமாகச் சுற்றாது. பின்அச்சில் இருந்த பல்சக்கர ஜோடியோ பழைய என்ஜினுக்கென்று செய்தது. அரக்கோணம் ரோட்டில் எவ்வளவு மிதித்தாலும் சத்தம்தான் ஏறும், வேகம் ஏறாது. லாரி முந்தும், பஸ் முந்தும். ஸ்டாண்டில் ஒரு பெரியவர், “ஏம்பா, டிராக்டர் வாங்கிகினியே, ஏர் எங்க?” என்று கேட்டார். மறுநாள் யாரோ பம்பரில் ஒரு கட்டு வைக்கோலைக் கட்டிவிட்டார்கள். அடுத்தவரை வைத்தே சிரித்துப் பழகியவருக்குத் தன்னை வைத்துச் சிரிப்பதை இரண்டு நாள்கூடத் தாங்க முடியவில்லை. மெக்கானிக்குக்கு மறுபடி ஆள் போனது. செலவுக்கு எங்கள் நைனா, சேலை முதலாளியிடம் கூலியில் பிடித்துக்கொள்ளச் சொல்லி எண்ணூறு ரூபாய் முன்பணம் வாங்கிக் கொடுத்தார். மகள் ஏறிப் போகும் வண்டி என்று நினைத்துக் கொடுத்தார்.

பின்அச்சைப் பிரித்துப் போட்டபோது நானும் பக்கத்தில் இருந்தேன். பழைய சின்னச் சக்கரத்தில் எட்டுப் பல், புதியதில் பத்து. பெரிய சக்கரம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஐந்தாம் வகுப்புக் கணக்கு. அதே வேகத்துக்கு என்ஜின் இனி குறைவாகச் சுற்றினால் போதும், ரோட்டில் பறக்கும். ஆனால் மேட்டில் அந்த அளவுக்கு இழுவை போய்விடும்.

“பாவா, இத போட்டா மலை ஏறாது. பழையபடி ஆயிடும்” என்றேன்.

பாவா மெக்கானிக்கைப் பார்த்துக் கண்ணடித்தார். “எங்க மச்சான் காலேஜ்ல பல்லு எண்ற படிப்பு படிக்கிறான். மாட்டுச் சந்தையில வேல வாங்கித் தரணும்.”

“தம்பி சொல்றது சரிதாங்க. மலைக்கு வேணுமா, ரோட்டுக்கு வேணுமா, சொல்லிடுங்க” என்றார் மெக்கானிக்.

“ரோட்டுக்குப் போடு. மலைக்குத்தான் வழி இருக்குதே.” சொல்லிவிட்டு அக்கா இருக்கும் வீட்டுப்பக்கம் கையைக் காட்டினார். மெக்கானிக்குக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

ஆடிக் கிருத்திகை வந்தது. பாவாவின் அம்மா, அவருடைய தங்கை, தங்கையின் பிள்ளைகள், அக்கா, நான். மலைப்பாதை முழுக்கக் காவடி. இரண்டாம் வளைவில் கார் நின்றது. நான் குதித்துக் கட்டையைப் போட்டேன். பாவா திரும்பவேயில்லை, கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார்.

“ஆங், எறங்கு.”

அக்கா அசையவில்லை. “இன்னிக்கி வேற யாராவது எறங்கட்டும்” என்றாள். அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

“வேற யார் எறங்கறது? எங்க அம்மாவா? ஏய், என்ஜினத்தான் மாத்த முடிஞ்சிது. உன்ன மாத்த முடியுதா?”

தங்கையின் பிள்ளைகள் சிரித்தார்கள். நடந்து போன காவடிக்காரர்களிலும் இருவர் சிரித்தார்கள். பாவாவின் அம்மா, “எறங்கும்மா, நல்ல நாளும் அதுவுமா” என்றார். அக்கா இறங்கினாள். நான் அவளோடு போகக் கட்டையைக் கையில் எடுத்தபோது, “நீ வண்டியோட போ. அடுத்த வளைவுல கட்ட போடணும் இல்ல” என்றாள். கார் கிளம்பியது. திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் ஏறிக்கொண்டிருந்த பாதையில் அவள் ஒருத்தி இறங்கிக்கொண்டிருந்தாள்.

பள்ளிப்பட்டு பஸ்ஸை அவள் பிடித்துவிட்டாள் என்பது சாயங்காலம்தான் தெரிந்தது. “நாலு நாள்ல பசிக்கும், வருவா” என்று பாவா ஸ்டாண்டில் சொன்னாராம். அவள் போகவில்லை. தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்துவிட்டாள். நானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, பஸ்ஸிலும் ரயிலிலுமாக மாறி மாறிப் படித்து முடித்தேன். இன்று மலைக்குக் கோயில் பஸ்ஸே போகிறது. வேலையாகத் திருத்தணி போகும்போது எப்போதாவது ஏறுகிறேன். யாரும் கவனிக்காமல் அந்த வளைவு கடந்துவிடுகிறது. பாவா வேறு கல்யாணம் செய்துகொண்டு சுகமாக இருக்கிறார். பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் “இன்னா மச்சான், பல்லெல்லாம் சரியா இருக்குதா?” என்று விசாரிக்கிறார். அவருக்கு எதுவும் உறுத்தியதாகத் தெரியவில்லை. கெட்டவன் ஒரு நாள் வருந்துவான் என்று நான் படித்ததெல்லாம் அவர் விஷயத்தில் நடக்கவில்லை.

அக்கா வந்த அடுத்த மாதம் நைனாவும் பெரியவர்கள் இருவரும் போய், பெண் வேண்டாமென்றால் நகையாவது கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். “வண்டிக்குள்ளதான் இருக்குது மாமா. கழட்டி அனுப்பறேன்” என்று காபி வாங்கிக் கொடுத்து அனுப்பினார். பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தோம். பத்து நாள் கழித்துப் பள்ளிப்பட்டு பஸ்ஸில் நைனா பெயருக்கு ஒரு சாக்கு மூட்டை வந்தது. அவிழ்த்தால் கிரீஸ் படிந்த பழைய பல்சக்கர ஜோடி. எண்ணிப் பார்த்தேன், சின்னதில் எட்டுப் பல். அக்கா அதைப் பார்த்துவிட்டுத் தறிக்குத் திரும்பிப் போனாள். அனுப்பியவர் மூட்டைக்குக் காசு கட்டவில்லை என்று கண்டக்டர் வாசலில் நின்றார். என்ஜினுக்கு ஏழு சவரன், பின்கியருக்கு எண்ணூறு ரூபாய், லக்கேஜ் டிக்கெட்டுக்கு அறுபது காசு. அதையும் நைனாதான் கொடுத்தார்.