ஒரு குளிசைக்குள் இரண்டு மருந்து

இன்று வெள்ளவத்தையில் டொக்டரைப் பார்க்கப் போனேன். டை கட்டிய மருந்துக் கம்பனி ரெப் ஒருவர் வரிசையை முந்தப் பார்த்தார்.

"தம்பி, நாங்களும் நம்பரோடதான் இருக்கிறம்" என்று உட்கார வைத்தேன்.

உள்ளே டொக்டர், நான் வழமையாகப் போடும் பிரஷர் குளிசையோடு புதிதாக ஒன்றையும் எழுதினார்.

"இதில ரெண்டு மருந்து சேர்ந்திருக்கு."

"என்னென்ன டொக்டர்?"

பேனை நின்றது. எழுந்து கதவைத் திறந்து அதே ரெப்பைக் கூப்பிட்டார். அவர் தேவாரம்போல ஒப்புவித்தார். இரண்டில் ஒன்று என் பழைய குளிசையேதான்!

"அப்ப பழசை நிப்பாட்டுங்கோ" என்றார் டொக்டர், முகம் மாறாமல்.

அடுத்த முறை ரெப்பிடமே நம்பர் எடுக்கலாம் என்றிருக்கிறேன். அவர் எந்தெந்த நாளில் வருவார் என்று யாருக்காவது தெரியுமா?