இடுப்பளவுத் தண்ணீர்

சென்ற சனிக்கிழமை மகள் பிடிவாதமாக எங்களை ஏரிப் பூங்காவுக்கு இழுத்துப்போனாள். கோழி சுட அடுப்பு வேண்டுமென்றால் போனில் முன்பதிவு. வாத்துக்கு ரொட்டி போடத் தடை. "டாட், ப்ளீஸ் ரீட் த போர்ட்" என்று அவள் வேறு அடிக்கொரு தரம் எச்சரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் குடும்பம் கரியில் எண்ணெயை ஊற்றிப் பற்றவைத்தது. அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு அருளப்பன் அண்ணன் ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது நான் இங்கே ஷார்ஜாவில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் டைம்கீப்பர். அண்ணன் பைப் ஃபிட்டர், கன்னியாகுமரிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். எங்கள் மேனேஜர் ஆங்கிலம் தவிர எதுவும் பேசமாட்டார். கோபம் வந்தால் மட்டும் இந்தி. பம்பாய்க்காரர் என்று நாங்களாகவே முடிவுகட்டியிருந்தோம்.

அண்ணனின் மகளுக்கு அந்த வருடம் புதுநன்மை. கோயிலில் பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். அவள் பிறந்ததையும் அவர் பார்க்கவில்லை, பள்ளிக்கூடம் சேர்ந்ததையும் பார்க்கவில்லை. இதையாவது பார்க்க வேண்டும் என்று லீவு கேட்டு இரண்டு முறை போனார். மொழிபெயர்க்க நான். என் ஆங்கிலத்தின்மேல் எனக்குப் பெரிய மரியாதை இருந்தது. வேறு யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

இரண்டு முறையும் மேனேஜர் காகிதத்தைப் பார்க்காமலே "நாட் நவ்" என்றார். இரண்டாம் முறை அண்ணன், சிரித்த முகம் மாறாமல், "இவனுக்க மோறையப் பாத்தா கருவாடும் கெட்டுப்போவும்லே" என்றார் என்னிடம்.

"வாட் இஸ் ஹி சேயிங்?"

உங்கள் உடல்நலத்துக்காக ஜெபம் செய்கிறாராம் என்று ஆங்கிலத்தில் சொல்லிவைத்தேன். மேனேஜர் தலையாட்டிக்கொண்டார்.

அந்த மாதம்தான் தொழிலாளர் நலத்தில் கம்பெனிக்குத் திடீர் அக்கறை பிறந்து, வெள்ளிக்கிழமை இதே ஏரிக்குப் பிக்னிக் அறிவித்தார்கள். வாரத்தில் தூங்கக் கிடைப்பது அந்த ஒரு நாள், வராதவர்களுக்கு ஆப்சென்ட். எல்லோருக்கும் 'சேஃப்டி ஃபர்ஸ்ட்' என்று எழுதிய மஞ்சள் பனியன். போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னபோது சிரித்தோம். கரியெண்ணெய் வாடையோடு வெந்தும் வேகாத கோழியைத் தின்றோம்.

பிறகு மேனேஜர் மிதிபடகில் ஏறினார். மாதாமாதம் எங்களுக்குப் பாதுகாப்பு வகுப்பெடுப்பவர், லைஃப் ஜாக்கெட் போட்டால் போட்டோவில் தொப்பை பெரிதாகத் தெரிகிறது என்று கழற்றிவிட்டார். நடு ஏரியில் எழுந்து நின்று கையசைத்தார். படகு கவிழ்ந்தது.

"ஐயோ அம்மா! யாராவது வாங்கடா! செத்தேன்!"

கலப்படமில்லாத தமிழ். கரையில் நின்ற அத்தனை பேரும் வாயைப் பிளந்தோம். அண்ணன் மட்டும் தண்ணீருக்குள் ஓடினார். ஆமாம், ஓடினார். நீந்துகிற அளவுக்கு அங்கே ஆழமில்லை.

"சாரே, கால ஊணும்! கால ஊணும்! இடுப்பளவுதான் தண்ணி!"

மேனேஜர் காலை ஊன்றினார். எழுந்து நின்றார். உண்மையிலேயே இடுப்பளவுதான்.

திரும்பும் பஸ்ஸில் அண்ணன் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார். "லேய், அவனுக்கு அன்னைக்கு எல்லாம் வெளங்கியிருக்குமே. இனி எனக்கு லீவு ஏது?" நானோ என் மொழிபெயர்ப்பை வார்த்தை வார்த்தையாக நினைத்துப் பார்த்தேன். அவருக்கு லீவுதான் போகும். எனக்கு வேலையே போகும்.

மறுநாள் மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அதே கோட், அதே ஆங்கிலம். காகிதத்தில் கையெழுத்துப் போட்டு, லீவு கொடுத்துவிட்டதாக அவரிடம் சொல் என்றார் என்னிடம். நானும் வெட்கமில்லாமல் மொழிபெயர்த்தேன். அண்ணன் கும்பிட்டார். கதவருகே போனபோது பின்னாலிருந்து தாழ்ந்த குரலில் தமிழ் கேட்டது:

"ஊர்ல கருவாடெல்லாம் கெடாம இருக்கான்னு பாத்துட்டு வாங்க."

அண்ணன் போய்ப் புதுநன்மையைப் பார்த்துவிட்டு வந்தார். வெள்ளைக் கவுன் போட்ட மகளின் போட்டோவை நாங்கள் தங்கியிருந்த கேம்ப் முழுக்கக் காட்டினார். மேனேஜரிடமும் காட்டினார். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "வெரி நைஸ்" என்றார்.

அந்தக் கம்பெனி இப்போது இல்லை. கேம்பை இடித்துவிட்டுச் சோபா விற்கும் கடை கட்டியிருக்கிறார்கள். அண்ணன் முதுகுவலியோடு ஊருக்குப் போனார். மேனேஜர் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியாது. ஏரியை மட்டும் அகலமாக்கி, ஆழமாக்கி, சுற்றிலும் வேலி போட்டுவிட்டார்கள். இப்போது அதில் யாரும் விழ முடியாது. விழுந்தால் ஓடிப்போய்த் தூக்கவும் முடியாது.