அலாஸ்கா, நார்வே, ஒரு சாக்கு

மகளின் கல்லூரியிலிருந்து அந்தக் குறுஞ்செய்தி வந்த அன்று மாலைதான் நான் வீட்டில் கப்பல் பேச்சை எடுத்தேன். வருகைப்பதிவு மிகக் குறைவாக இருக்கிறது, பெற்றோர் துறைத்தலைவரை வந்து பார்க்கவும் என்று அதில் இருந்தது. வங்கியில் என் மேஜைக்குப் பின்னால் நின்றபடியே இரண்டு முறை படித்தேன். பிறகு போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, எதிரில் நின்ற பெரியவருக்குக் கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டினேன். வீட்டுக்குப் போய்க் காபி குடிக்கும்போது, "அடுத்த வருஷம் இன்னொரு க்ரூஸ் போலாமா?" என்று கேட்டேன்.

இதை எழுதும்போதுகூட, இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்றுதான் மனம் வாதாடப் பார்க்கிறது.

எங்கள் வீடு கர்நாடகத் தலைநகரில், ஜோகுபாளையத்தில் இருக்கிறது. மனைவி கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். மகள் ஒருத்திதான், பொறியியல் மூன்றாம் ஆண்டு. அவளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த சந்தோஷத்தில் சிங்கப்பூரிலிருந்து நான்கு நாள் கப்பலில் போய் வந்திருந்தோம். மனைவி புளியோகரே என்கிற புளிச்சோற்றுப் பொடி கொண்டுவந்திருந்தாள். கப்பல் உணவகத்தில் வெள்ளைச் சோறு வாங்கி, யாரும் பார்க்காதபோது கலந்து தின்றோம். மகள் மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இங்க டவரே இல்லப்பா, உங்களுக்கு பேங்க்லருந்து போனே வராது" என்று சிரித்தாள். அதற்குப் பிறகு எங்கள் மூவருக்கும் பொதுவாக இருந்த சந்தோஷமான பேச்சு அந்தக் கப்பல்தான். அதனால்தான் அதை எடுத்தேனோ என்னவோ.

நான் அலாஸ்கா என்றேன். மனைவி நார்வே என்றாள். எனக்குப் பனிப்பாறை உடைந்து கடலில் விழுவதைப் பார்க்க வேண்டும், திமிங்கிலம் பார்க்க வேண்டும். அவளுக்கு இரண்டு பக்கமும் மலை நெருங்கி நிற்க, நடுவில் கப்பல் நுழைந்து போகும் அந்த ஃபியார்ட் பள்ளத்தாக்குகள்.

"அங்க ஜூன்ல ராத்திரியே கிடையாதாம்," என்றாள்.

"ராத்திரி இல்லாம நீ எப்படித் தூங்குவே? இங்க தெருவிளக்கு வெளிச்சம் விழுந்தாலே ஸ்க்ரீன் போடச் சொல்றே."

"உங்க திமிங்கிலத்துக்கு மட்டும் என்ன? வால காட்டிட்டுப் போயிடும். வாலப் பாக்க அவ்ளோ தூரமா?"

மகள் தட்டில் ராகி முத்தைக் களியைக் குழம்பில் தொட்டுத் தொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். தின்னவில்லை. "உன் ஓட்டுதான் பாப்பா முடிவு பண்ணணும்," என்றேன். "ஆறாவது செமஸ்டர் பரீட்சை முடிஞ்ச மறுவாரமே கிளம்பறோம். நீயே சொல்லு."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று தெரிந்தது. "ப்பா, அந்த பரீட்சை..." என்று ஆரம்பித்தாள். நான் உடனே, அலாஸ்காவுக்கு விசா நேர்காணல் தேதி கிடைப்பது கஷ்டம், நார்வேக்கு அந்தத் தொல்லை குறைவு என்று பேசத் தொடங்கினேன். வேண்டுமென்றே செய்தேனா என்று கேட்டால், ஆமாம். அந்த வாக்கியம் முடிந்தால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். அது வெளியே வராதவரைக்கும் நடக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் கணக்கு.

அடுத்த ஒரு மாதம் அப்படித்தான் போனது. கல்லூரியிலிருந்து இரண்டாவது செய்தியும் வந்தது. மனைவியிடம் சொல்லவில்லை. எங்கள் மூவருக்கும் இருந்த வாட்ஸப் குழுவில் பனிப்பாறை வீடியோ போட்டேன். மனைவி மலை வீடியோ போட்டாள். ஒரு வாக்கெடுப்பும் வைத்தேன்: அலாஸ்காவுக்கு ஒன்று, நார்வேக்கு ஒன்று, மூன்றாவது ஓட்டு விழவில்லை. மகள் தினமும் காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள், மாலையில் திரும்பினாள். அவள் கல்லூரிக்குப் போகவில்லை என்பது தெரிந்தும், வாசலில் நின்று, "டப்பா எடுத்துக்கிட்டியா?" என்று கேட்டு அனுப்பினேன்.

அந்த வியாழக்கிழமை மதியம் சாப்பாட்டு வேளையில் குழுவில் எழுதினேன்: 'ட்ராவல்ஸ்காரர் கேட்கிறார். இன்றைக்குள் சொல்ல வேண்டும். பாப்பா, உன் ஓட்டு?' கூடவே ஒரு பனிப்பாறைப் படம்.

ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. அவள் எதையும் ஆங்கில எழுத்தில்தான் அடிப்பாள். எஸ், இரண்டு ஏ, கே, யு. பிறகு ஒரு இடைவெளி, பி, ஏ. அவ்வளவுதான்.

சாக்குப்பா.

நான் அப்படித்தான் படித்தேன். சாக்கு. சாக்குப்போக்கு. கப்பல், அலாஸ்கா, விசா எல்லாம் நீங்கள் சொல்லும் சாக்கு என்கிறாள் என்று புரிந்துகொண்டேன். கோபம் வந்தது. திருட்டைக் கண்டுபிடித்தவர்கள் மேல் திருடனுக்கு வரும் கோபம் அது. விரல் தானாக அடித்தது: 'யாருக்கு சாக்கு? படிக்காமல் இருக்க நீ தேடுவதுதான் சாக்கு. என்னை ஏமாற்ற முடியாது.'

அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. டிபன் டப்பாவை மூடிவிட்டு வேலைக்குத் திரும்பினேன். நாலு மணி வரைக்கும், ஒருவழியாகச் சொல்லிவிட்டோம் என்று ஒரு நிம்மதிகூட இருந்தது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், இருந்தது.

நாலு மணிக்கு மனைவி கூப்பிட்டாள். "பாப்பா போன் ஸ்விட்ச் ஆஃப். அவ ஃப்ரெண்டுக்குப் போட்டேன். 'ஆன்ட்டி, அவ ஒன்றரை மாசமா காலேஜுக்கே வரலையே'ங்கறா. நீங்க என்ன எழுதியிருக்கீங்க குரூப்ல?"

வீட்டுக்கு ஓடினேன். மனைவி பள்ளிப் புடவையிலேயே, செருப்புகூடக் கழற்றாமல் கூடத்தில் நின்றிருந்தாள். எனக்கு வந்த இரண்டு செய்திகளையும் காட்டினேன். அவள் தேதியைப் பார்த்தாள்.

"போன மாசமே வந்திருக்கு."

"ம்."

"போன மாசம் பூரா எனக்கு ஐஸ் உடையற வீடியோ காமிச்சிட்டிருந்தீங்க."

இருபத்து மூன்று வருடத்தில் அவள் என்னை எவ்வளவோ திட்டியிருக்கிறாள். அன்று திட்டவில்லை. போனை என் கையில் திருப்பிக் கொடுத்தாள், அவ்வளவுதான். மகள் மறுபடி போனைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது என் பதிலாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. அழித்துவிடலாம் என்று அதை அழுத்திப் பிடித்தேன். அவசரத்தில், எல்லோருக்கும் அழி என்பதற்குப் பதிலாக எனக்கு மட்டும் அழி என்பதைத் தொட்டுவிட்டேன். என் திரையிலிருந்து அது மறைந்தது. மனைவி தன் போனைத் தூக்கிக் காட்டினாள். "இங்க இருக்கு," என்றாள்.

அடுத்த ஒரு மணி நேரத்தைப் பற்றி அதிகம் எழுத முடியாது. மகள் எழுதிய அந்த ஐந்து எழுத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கே ஒன்றுதானே இருக்கிறது, நான்தான் இரண்டாகப் படித்தேன் என்று உறைத்தது. ஒற்றையாகப் படித்தால் தமிழில் அது சாவைச் சொல்லும் வார்த்தை என்று தோன்றியதும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். மனைவியிடம் சொல்லவில்லை. அவளும் அதையே படித்துவிட்டிருந்தாள் என்று பிற்பாடு தெரிந்தது.

ஐந்தரை மணிக்குக் குழுவில் ஒரு வரைபடம் வந்தது. ஒரு மாதமாக அதில் வந்த வரைபடமெல்லாம் கடலும் தீவுமாக இருந்தன. இதில் ஒரு நெடுஞ்சாலை, ஒரு சுங்கச்சாவடி, ஒரு சிவப்புப் புள்ளி. அத்திபெலே. ஓசூருக்கு முந்தின ஊர், கர்நாடகம் முடிகிற இடம். வேறு ஒரு சொல்லும் இல்லை.

மனைவி வீட்டிலேயே இருந்தாள், ஒருவேளை மகள் அதற்குள் கிளம்பி வந்துவிட்டால் என்று. நான் கேப் பிடித்துப் போனேன். பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு பேக்கரி. வெளியே பிளாஸ்டிக் ஸ்டூலில் மகள் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிப் பெட்டிமேல் அவள் போன் சார்ஜில் இருந்தது.

"அப்பாவா சார்?" என்றார் பேக்கரிக்காரர். "மூக்கு அப்படியே இருக்கு. பாப்பா டெய்லி வரும் சார். ஒரு டீ, ஒரு பப்ஸ். இன்னைக்குப் போன் செத்துப்போச்சுன்னு சார்ஜர் கேட்டுச்சு."

டெய்லி என்ற சொல் என் மேல் விழுந்தது. மகள் என்னைப் பார்த்து, "லொகேஷன் போட்டேனே, ஏன் இப்படி மூச்சு வாங்க ஓடி வரீங்க?" என்றாள். அழுதிருந்தாள். முகம் கழுவியிருந்தாள்.

"இங்க தினமும் வரியா?"

"பஸ்ல ஏறி கடைசி ஸ்டாப் வரைக்கும் வருவேன். டீ குடிப்பேன். அடுத்த பஸ்ல திரும்புவேன். லேடீஸுக்கு ஃப்ரீதானே. எனக்கும் தினமும் க்ரூஸ்தாம்ப்பா."

சிரிக்க முயன்றாள். பையைத் திறந்து ஆய்வக நோட்டைக் காட்டினாள். பக்கங்களுக்கு நடுவே அந்த இலவச பஸ் சீட்டுகள், ஒன்றுகூட விடாமல்.

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். "நீ எழுதினது சரிதான். நான் சாக்குதான் சொல்லிட்டிருந்தேன்."

"என்ன சாக்கு?"

"நீதானே எழுதினே. சாக்குப்பான்னு."

"ஐயோ ப்பா. போதும்னு எழுதினேன். கன்னட சாகு. அந்த ஐஸ் படம் போதும், இந்த ஓட்டு போதும்னு. பேங்க்ல காலையிலருந்து சாயங்காலம் வரைக்கும் கன்னடந்தானே பேசறீங்க?"

பேக்கரிக்காரர் முதுகைத் திருப்பிக்கொண்டு பன் தட்டை அடுக்கினார். ஆமாம், ஒரு நாளில் முப்பது தடவையாவது நானே சொல்லும் சொல். ஒரு கையெழுத்து சாகு, ஒரு ஜெராக்ஸ் சாகு. இந்த ஊரில் பிறந்தவன், கன்னடம் தண்ணி பட்ட பாடு என்று ஆபீசில் பீற்றிக்கொள்கிறவன். அந்த ஒரு தடவை மட்டும் அது எனக்குத் தமிழாகப்பட்டது. என் மனசுக்குள் அந்தத் தமிழ்ச் சொல் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது, அவள் எதை எழுதியிருந்தாலும் நான் அதைத்தான் படித்திருப்பேன்.

"அப்புறம் ஏமாத்த முடியாதுன்னு போட்டீங்களே," என்றாள். "உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? அம்மா சொன்னாங்களா?"

அங்கே ஒரு பொய் சொல்லியிருக்கலாம். எளிதாக இருந்தது. ஆமாம், அம்மா சொன்னாள் என்றால் முடிந்தது.

"காலேஜ்லருந்து மெசேஜ் வந்தது. போன மாசமே."

அவள் முகம் மாறியதை நான் மறக்கப்போவதில்லை. கல்லூரிக்குப் போகாத குற்றம் அவளுடையது என்று அதுவரை இருவருமே நினைத்துக்கொண்டிருந்தோம்.

"தெரிஞ்சும் அலாஸ்காவா?" என்றாள். குரல் உயரவில்லை. "உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தினமும் பஸ்ல உக்காந்து ஒத்திகை பாத்துக்கிட்டிருந்தேன்ப்பா. இங்க வரைக்கும் ஒரு தடவை, திரும்பி ஒரு தடவை."

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அவள் சரி சொல்ல வேண்டியிருக்குமே என்று தோன்றியது. "பஸ்ல போலாமா?" என்று கேட்டேன். தலையாட்டினாள். மனைவிக்குப் போன் போட்டு அவளிடம் கொடுத்தேன். "ம்மா... இல்லம்மா... சாப்பிட்டேம்மா," என்பது மட்டும் கேட்டது.

அந்த பஸ்ஸில்தான் ஒத்திகையின் அசல் நடந்தது. இரண்டு பாடத்தில் போன வருடமே தோற்றிருந்தாள், சொல்லவில்லை. வகுப்பில் உட்கார்ந்தால் நெஞ்சு அடைத்துக்கொண்டு வருமாம், வெளியே ஓடிவிடத் தோன்றுமாம். ஒரு நாள் பஸ்ஸில் கல்லூரி நிறுத்தத்தில் இறங்காமல் உட்கார்ந்திருந்தாள், மூச்சு நன்றாக வந்தது, அதற்குப் பிறகு இறங்கவே இல்லை. சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் பஸ் முக்கால் மணி நேரம் அசையாமல் நின்றது. என் வாயில் நாலைந்து யோசனைகள் வந்தன. ட்யூஷன், டாக்டர், எனக்குத் தெரிந்த ஒரு பேராசிரியர். விழுங்கினேன். அவள் சொன்ன வாக்கியங்கள் எல்லாம் அன்று முடிந்தன.

இந்த வருடம் அவள் கல்லூரிக்குப் போகவில்லை. நான் போய்த் துறைத்தலைவரைப் பார்த்து எழுதிக் கொடுத்தேன். வாரம் ஒரு முறை தொம்மலூரில் ஒரு மருத்துவரிடம் போய்ப் பேசிவிட்டு வருகிறாள். அடுத்து என்ன என்பது அவளுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அவள் போன் எடுக்கத் தாமதமானால் என் கை இன்னும் நாற்காலியைத் தேடுகிறது. ட்ராவல்ஸ்காரர் இரண்டு முறை கூப்பிட்டார். அலாஸ்காவா நார்வேயா சார் என்றார். இப்போதைக்கு எதுவும் இல்லை என்றேன், காரணம் சொல்லவில்லை. மனைவி நார்வே பேச்சையே எடுப்பதில்லை. வாக்கெடுப்பு ஒன்றுக்கு ஒன்றாக அப்படியே நிற்கிறது.

போன வாரம் மகள் எதையோ தேடிக் குழுவை மேலே மேலே தள்ளிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத் திரை தெரிந்தது. பனிப்பாறைப் படம், அதன் கீழே அவளுடைய ஐந்து எழுத்து, அதன் கீழே என் பதில். என் போனில் அது இல்லாததால் எத்தனை கடுமையாக எழுதினேன் என்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக இளக்கி ஞாபகம் வைத்திருந்தேன். அங்கே அது எழுதினபடியே இருந்தது.

"அத அழிச்சிடேன் பாப்பா," என்றேன்.

அவள் ஒரு நிமிஷம் படித்தாள். "இருக்கட்டும்ப்பா," என்று சொல்லிவிட்டுத் திரையை மேலே தள்ளினாள்.