ஆச்சா என்று கேட்ட கிளி

யாரையும் நம்பச் சொல்லவில்லை. ஆனால் நடந்தது. அதற்கப்புறம் சாப்பிட உட்காரும்போதெல்லாம் என் வலது கட்டைவிரலை ஒருமுறை மோந்து பார்க்கிறேன். பொய் சொல்பவன் விரலை மோந்து பார்த்துக்கொண்டிருக்க மாட்டான்.

வரிசையாகச் சொல்கிறேன். இல்லாவிட்டால் எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

நான் மாலை வகுப்பில் கணக்கியல் படிக்கிறேன். ஒரு தையல்கார அக்காவின் வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருந்தேன். அக்கா தனியாள். துணைக்கு ஒரு பச்சைக் கிளி. தங்கையின் பிரசவத்துக்குப் போகவேண்டி வந்தபோது, கிளியை என்னிடம் ஒப்படைத்தாள்.

"ராத்திரி கூண்டைத் துணியால மூடிடு தம்பி. அது 'ஆச்சா?'ன்னு கேக்கும். 'ஆச்சு'ன்னு பதில் வந்தா தூங்கிடும்."

"சரிக்கா."

"கத்த மட்டும் விட்டுடாத. மேல்வீட்டு டிரைவர் ஏற்கெனவே கரிச்சுக் கொட்டுறாரு. இன்னொரு தடவை தூக்கம் கெட்டுச்சுன்னா கூண்டைத் திறந்து விட்டுடுவேன்னுட்டாரு. ரெக்கை வெட்டுன கிளி, தம்பி. வெளிய போனா பூனைக்குத்தான்."

வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.

"கட்டிலடியில ஒரு கிண்ணம் இருக்கும். அதை எடுத்துடாத."

கூண்டு உள்ளறையில், ஓர் இரும்புக் கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலிமேல் இருந்தது. அந்த வீடே துணிமயம். மிஷின்மேல் துணி, நாற்காலிமேல் துணி, குளிர்பெட்டி தலையில்கூடத் துணி. அந்தக் கட்டிலில் மட்டும் ஒரு நூல் கிடையாது. அக்கா சமையலறையில் பாய் விரித்துத்தான் படுப்பாள். கவனித்திருந்தேன். ஏன் என்று கேட்டதில்லை.

முதல் ராத்திரி. பத்து மணிக்குக் கூண்டை மூடி, விளக்கை அணைத்தேன். உள்ளே நகம் கம்பியில் உரசும் சத்தம். அப்புறம் ஓர் இருமல். நெஞ்சின் அடியிலிருந்து வரும் கிழட்டு இருமல். தொடர்ந்து ஒரு காறல்.

க்ர்ர்ர்ர்... த்தூ.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எந்தக் கிழவரிடம் கற்றுக்கொண்டதோ!

"ஆச்சா?" அச்சு அசல் அக்காவின் குரல்.

"ஆச்சு," என்றேன். கிளி அடங்கிவிட்டது. இவ்வளவுதானா என்று நானும் போய்ப் படுத்தேன்.

காலையில் பெருக்கும்போது கிண்ணத்தைப் பார்த்தேன்.

விரற்கடை ஆழத்துக்குக் கோழை. மஞ்சளும் பச்சையுமாக, முட்டை வெள்ளைக்கரு மாதிரி இழைகளோடு. நடுவில் ஓர் ஈ ஒட்டிக்கொண்டு காலை உதைத்தது. கழுவுவதற்காகச் சாய்த்தேன். மொத்தமும் ஒரே கட்டியாக வழுக்கிக்கொண்டு போனது. முகத்தைத் திருப்பிக்கொண்டே தேய்த்தேன். இந்தக் கண்றாவி இனிமேல் கண்ணிலேயே படக்கூடாது என்று கிண்ணத்தைச் சமையலறை மேல்தட்டில் கவிழ்த்து வைத்தேன்.

கிளி வாந்தி எடுத்திருக்கிறது. அப்படித்தான் முடிவு கட்டினேன்.

வகுப்பில் என் பக்கத்தில் உட்காருபவன் விலங்கு மருத்துவமனையில் வேலை பார்க்கிறான். இடைவேளையில் கேட்டேன்.

"கிளி வாந்தின்னா தானியம் கிடக்குமே. கிடந்துச்சா?"

"இல்லடா. கொழகொழன்னு, சளி மாதிரி..."

"டேய், பன்னு தின்னுக்கிட்டு இருக்கேன்டா!"

பாதிப் பன்னைத் தூக்கிப் போட்டுவிட்டு, போகிறபோக்கில் சொன்னான். "கிளிக்கு அவ்வளவு சளி வராது. மனுஷனுக்குத்தான் வரும்."

இரண்டாவது ராத்திரி. பதினொன்றரைக்குத்தான் கூண்டை மூடினேன். இருமல் வந்தது. காறல் வந்தது.

துப்பும் சத்தம் வரவில்லை.

க்ர்ர்ர்ர்... க்ர்ர்ர்ர்... தொண்டையிலேயே உருண்டது. கொப்பளித்தது. கேட்கக் கேட்க என் வாயில் எச்சில் ஊறியது. விழுங்கப் பிடிக்கவில்லை.

"ஆச்சா?"

"ஆச்சு."

"ஆச்சா?"

"ஆச்சு!"

"ஆச்சா? ஆச்சா? ஆச்சா?" கிளி வீறிட்டது. கூண்டு ஆடியது. மேலே தரையில் தொம் தொம்மென்று உதை.

"ஏம்பா! நீ அடக்குறியா, நான் இறங்கி வரட்டுமா?"

மாடிக் கதவு திறந்தது. செருப்புச் சத்தம் படியில் இறங்கியது.

கிண்ணம் ஞாபகம் வந்தது. ஓடிப்போய் எடுத்து வந்தேன். மணி 11.40. கூண்டுத் துணியைத் தூக்கினேன்.

கிளி என்னைப் பார்க்கவில்லை.

கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

க்ர்ர்ர்ர்...

அலகு மூடியிருந்தது. தொண்டை அசையவில்லை.

சத்தம் என் முழங்கால் பக்கத்திலிருந்து வந்தது. கட்டிலின் தலைமாட்டிலிருந்து.

செருப்பு பாதிப் படிக்கு வந்துவிட்டது.

ஏன் செய்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை... கிண்ணத்தைக் கட்டில் பக்கம் நீட்டினேன்.

...த்தூ.

கிண்ணம் கனத்தது.

பாதி கிண்ணத்தில். பாதி என் கட்டைவிரலில். வெதுவெதுப்பாக. மெதுவாக இறங்கியது. அழுகிய வெற்றிலை மாதிரி ஒரு நாற்றம்.

"ஆச்சா?" கிளி மெல்லக் கேட்டது.

வாயைத் திறந்தேன்.

"ஆச்சு."

நான் சொல்லவில்லை.

கிளி உடம்பைச் சிலிர்த்தது. அலகை முதுகில் செருகிக்கொண்டது. தூங்கிவிட்டது.

செருப்புச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மேலே ஏறிப் போனது.

விடியும்வரை வாசல் குழாயடியில் உட்கார்ந்து கையைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் அக்கா வந்தாள். நேராகக் கேட்கக் கூச்சமாக இருந்தது. ராத்திரி காதில் விழுந்தது நிஜம்தானா என்ற சந்தேகம் வேறு.

"கிளி ஒரு வயசானவர் மாதிரி இருமுதுக்கா."

"எங்க மாமனார் அப்படித்தான் இருமுவாரு. நெஞ்சு சளி. இந்தக் கட்டில்லதான் கிடந்தாரு. அவர் போய் ஆறு வருஷம் ஆச்சு."

எனக்கு உயிர் வந்தது. "அவர்கிட்ட கத்துக்கிச்சா! அதானே பார்த்தேன்."

"கிளி வந்தே ஒரு வருஷம் ஆகலையே, தம்பி."

நான் தொடத் துணியாமல் விட்டிருந்த கிண்ணத்தை அக்கா கையில் எடுத்தாள். குழாயைத் திறந்தாள். உள்ளே விரலை விட்டு வழித்தாள். முகம் சுளிக்கவில்லை.

"அப்போ... 'ஆச்சா'ன்னு கேக்க யாருகிட்டக்கா கத்துக்கிச்சு?"

"எங்கிட்டதான்," என்றாள். "தினமும் கிண்ணத்தை நான்தானே பிடிக்கிறேன்."