ஜோதிலட்சுமி ஃபியூஸ் மாட்டிய மழைநாள்

ஜோதிலட்சுமிக்கு வண்டியைப் பற்றிப் பயமே கிடையாது. பஞ்சரான டயரைத் தனியாளாகக் கழற்றி மாட்டுவாள். ரேடியேட்டர் கொதித்தால் ஈரச்சாக்கைப் போட்டு மூடியைத் திறக்கத் தெரியும். கரண்ட் என்றால் மட்டும் அவளுக்குக் கை விறைத்துப்போகும். வீட்டில் பல்பு மாற்றவேண்டும் என்றால் பக்கத்து வீட்டு லதா வரவேண்டும். ஸ்விட்சைத் தட்டும்போதுகூட விரலுக்கும் ஸ்விட்சுக்கும் நடுவில் புடவைத் தலைப்பு இருக்கும்.

அவள் புருஷன் தர்மராஜ் கரண்டில் போனவன். 1997 சித்திரையில், திருக்கழுக்குன்றத்துக்கு மேற்கே இருந்த அவர்களுடைய வேர்க்கடலைக் கொல்லையில், தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்கும்போதே மோட்டார் நின்றது. தர்மராஜ் கொட்டகைக்குள் போனான். ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி, கம்பி சுற்றி, ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று மறுபடி சொருகினான். ஜோதி கொட்டகை வாசலில் நின்றிருந்தாள். பெரிதாகச் சத்தம்கூட வரவில்லை. அவன் உட்காருகிறான் என்றுதான் முதலில் நினைத்தாள்.

அதன்பிறகு புதுப்பட்டினத்தில் இருந்த அண்ணன் அருணகிரி வீட்டுக்கு வந்துவிட்டாள். அவனிடம் வெள்ளை ஆம்னி வேன் ஒன்று இருந்தது. 2001-இல் அவனுக்கு முதுகெலும்புத் தட்டு விலகி, உட்காரவே முடியாமல் போனபோது, “நீ ஓட்டுறியா?” என்று கேட்டான். ஆறு மாதத்தில் லைசென்ஸ் எடுத்தாள். பொம்பளை ஓட்டுகிற வண்டி என்று ஆரம்பத்தில் யாரும் ஏறவில்லை. பிறகு அதே காரணத்துக்காகவே பெண்கள் தேடி வந்தார்கள். கல்பாக்கம் டவுன்ஷிப்பிலிருந்து தினமும் ஐந்து பேரைப் படூருக்கு ஏற்றிப்போய்த் திரும்ப அழைத்துவருவது அவள் வேலை. கல்லூரியில் பாடம் நடத்தும் ராஜம் முன்சீட்டில் உட்காருவார், ஐம்பதைத் தாண்டியவர். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்த ஸ்ரீதேவியும் இன்னும் மூன்று பெண்களும் பின்னால்.

வண்டியில் ஒயர் சம்பந்தமாக எது வந்தாலும் புதுப்பட்டினம் எலக்ட்ரீஷியன் தேவசகாயத்திடம் விட்டுவிடுவாள். “எக்கா, இது பன்னெண்டு வோல்ட்டுதான். தொட்டா ஒண்ணும் ஆவாது” என்று அவன் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறான். அவளும் தலையாட்டிவிட்டு இரண்டடி தள்ளியே நிற்பாள்.

2005 ஐப்பசியில் ஒருநாள். படூரில் மூன்றரைக்குக் கிளம்பும்போதே வானம் கறுத்திருந்தது. திருப்போரூர் தாண்டியதும் மழை கொட்டத் தொடங்கியது. ஏரிக்கரையை ஒட்டிய ஒரு வளைவில் காற்று சுழற்றி அடித்தது. சாலையோரச் சவுக்கு மரத்திலிருந்து ஏதோ முறிந்து கண்ணாடியில் மோதிச் சிதறியது. வைப்பர் இரண்டு தரம் முனகி, பாதி வழியில் நின்றுவிட்டது.

கண்ணாடி முழுக்க வெறும் தண்ணீர். சாலை எங்கே, ஏரி எங்கே என்று தெரியவில்லை. ஜோதி ஜன்னலை இறக்கித் தலையை வெளியே நீட்டி, வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டே வண்டியை ஓரங்கட்டினாள். இடது சக்கரம் சேற்றில் அழுந்துவது தெரிந்ததும் நிறுத்திவிட்டாள். இன்னும் ஓரடி போனால் சரிவு. கீழே ஏரித் தண்ணீர் கரை விளிம்பில் தளும்பிக்கொண்டிருந்தது. வண்டியின் பாதி உடம்பு சாலையில்தான் நின்றது.

இண்டிகேட்டரைப் போட்டாள். எரியவில்லை.

அந்த நொடியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு அவர்களை உரசினாற்போலப் போனது. வேன் ஆடியது. பின்சீட்டில் யாரோ வீறிட்டார்கள்.

“இன்னொரு வண்டி இப்படி வந்தா அவ்வளவுதான். எல்லாரும் இறங்கிடலாம் ஜோதி” என்றார் ராஜம். தன் சிவப்புக் குடையை எடுத்துக்கொண்டு அவரே முதலில் இறங்கினார். மூன்று பெண்களையும் கூட்டிக்கொண்டு வளைவுக்கு முன்னால் போய் நின்று, வருகிற வண்டிகளுக்குக் குடையை ஆட்டத் தொடங்கினார்.

ஸ்ரீதேவி தன் செல்போனில் தேவசகாயத்தைப் பிடித்து ஜோதியிடம் கொடுத்தாள்.

“தேவா, வைப்பரு நின்னுபோச்சு. ஏரிக்கர மேல மாட்டிகினு கீறோம். உடனே வாயேன்.”

“எங்கேர்ந்துக்கா வர்றது? இங்க கடைக்குள்ளயே தண்ணி. இண்டிகேட்டரு எரியுதா?”

“இல்ல.”

“வைப்பரும் அதுவும் ஒரே ஃபியூசுதான். அப்ப மோட்டாரு போவல, ஃபியூசுதான் போயிருக்கு. ஸ்டேரிங்குக்குக் கீழ ஒரு கறுப்புப் பொட்டி கீது பாரு. அதுல நீலக் கலர்ல...”

“நான் தொட மாட்டேன் தேவா.”

“எக்கா, இன்னா பேசுற நீ? சாவிய எடுத்துட்டுத் தொடு, ஒண்ணும் ஆவாது. மூடியிலயே உபரி ஒண்ணு சொருகி வச்சிருக்கேன். நீலத்துக்கு நீலம்தான் மாட்டணும், தெரிதா? கம்பி, ஜிகினாத்தாள் எதுவும் சுத்திடாத, ஒயரு பத்திக்கும். உபரியும் போச்சுன்னா பாட்டுப் பொட்டிக்கும் அதே நீல...”

சிக்னல் போய்விட்டது. ஸ்ரீதேவி நான்கு முறை போட்டுப் பார்த்தாள். கிடைக்கவில்லை.

“அக்கா, நான் மாட்டறேங்க. ஒரு நிமிஷ வேலை” என்று அவள் குனிந்தாள். அவள் கை பெட்டியை நோக்கிப் போனது. ஜோதி அதைத் தட்டிவிட்டாள்.

“வேணாம்! நீ தள்ளு.”

“ஏங்க்கா?”

“அன்னிக்கு அவர நான்தான் அவசரப்படுத்துனேன். பத்து மணிக்குக் கரண்டு போய்டும், சீக்கிரம் போடுய்யான்னு வாசல்ல நின்னுகினு கத்துனேன். செருப்புப் போடக்கூட வுடல. இன்னொருத்தர் ஃபியூஸ் போட நான் நின்னு பாக்க மாட்டேன்.”

எட்டு வருடத்தில் இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அண்ணனிடம்கூட. ஸ்ரீதேவி விலகி, தன் துப்பட்டாவின் காய்ந்த பகுதியை நீட்டினாள். “கையைத் துடைச்சுக்குங்க்கா.”

ஜோதி சாவியை எடுத்தாள். எடுத்த சாவியை மூன்று முறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ரப்பர் செருப்போடு கால்மிதியின் மேல் ஏறிக் குந்தினாள். டிபன் சுற்றி வந்த பிளாஸ்டிக் கவரை வலக்கை விரல்களில் மாட்டிக்கொண்டாள். இடக்கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள், அது எதையும் தொட்டுவிடக் கூடாது என்று.

மூடி கழன்றது. உள்ளே சிவப்பு, மஞ்சள், நீலம் என்று நகத்தளவில் வரிசையாக இருந்தன. மூடியின் உட்புறம் தேவசகாயம் பேனாவால் வரைந்த சின்ன வைப்பர் படம். அதற்கு நேராக இருந்ததைக் கிள்ளினாள். பிளாஸ்டிக் வழுக்கியது. மறுபடி கிள்ளினாள். சட்டென்று கழன்று மடியில் விழுந்தபோது, செத்தோம் என்றே நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒன்றும் ஆகவில்லை.

வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். உள்ளே இருந்த மெல்லிய தகடு நடுவில் அறுந்து கருகியிருந்தது. உபரியை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினாள். சாவியைப் போட்டு வைப்பரைத் திருப்பினாள். மோட்டார் ‘உர்ர்’ என்றது. வைப்பர் கை அசையவில்லை. உறுமலும் நின்றுபோனது.

“அதுவும் போச்சுங்களா?” என்றாள் ஸ்ரீதேவி.

வெளியே ராஜம் “நிறுத்து! நிறுத்து!” என்று கத்துவது கேட்டது. தண்ணீர் லாரி ஒன்று வழுக்கிக்கொண்டு வளைவில் திரும்பி, வேனுக்கு இருபதடி முன்னால் எதிர்ப்பக்கம் ஒதுங்கிப் போனது. அதன் சக்கரம் வாரியிறைத்த தண்ணீர் கதவு வழியாக இருவர்மேலும் விழுந்தது. ஜோதிக்கு அழுகை வந்துவிட்டது. துடைத்த கை மறுபடி ஈரம். இருந்த ஒரு உபரியும் போய்விட்டது.

அழுதுகொண்டேதான் யோசித்தாள். மோட்டார் உறுமியது. அப்படியென்றால் கரண்ட் அதுவரை வந்திருக்கிறது, மோட்டாருக்குச் சுற்றவும் ஆசைதான். சுற்றவிடாமல் எதுவோ பிடித்திருக்கிறது. இது ஒயர் சமாச்சாரம் இல்லை. இது அவளுக்குத் தெரிந்த வேலை.

மழையில் இறங்கி முன்பக்கம் போனாள். வைப்பர் கையின் அடிமூட்டில், கண்ணாடிக்கும் தகரத்துக்கும் இடையில், விரல் கனத்துக்கு ஒரு சவுக்குக் குச்சி குத்திட்டு நின்றது. அதைச் சுற்றிச் சவுக்கு ஊசிகள் கயிறுபோல முறுக்கியிருந்தன. டூல்ஸ் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து நெம்பினாள். குச்சி முறிந்து வந்தது. ஊசிகளை விரலால் தோண்டியெடுத்தாள். வைப்பர் கையைத் தொட்டுப் பார்த்தாள். இப்போது லேசாக அசைந்தது.

உள்ளே வந்து, சாவியை எடுத்துவிட்டு, ஸ்ரீதேவியின் துப்பட்டாவில் மறுபடி கையைத் துடைத்துக்கொண்டாள். பிளாஸ்டிக் கவர் எங்கோ விழுந்திருந்தது. தேட நேரமில்லை. மூடியில் பாட்டுப் பெட்டி வரைந்திருந்த இடத்துக்கு நேராக இருந்த நீல ஃபியூஸை வெறும் விரலால் பிடுங்கினாள். பல் கிட்டியது. கருகினதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை அழுத்தினாள். “போடுறேன், நீ தள்ளி நில்லு” என்று ஸ்ரீதேவியிடம் சொல்லிவிட்டுச் சாவியைப் போட்டுத் திருகினாள்.

வைப்பர் ஒரு முறை போய் வந்தது. இன்னொரு முறையும். கண்ணாடிக்கு அப்பால் சாலை தெரிந்தது. இண்டிகேட்டர் டக் டக் என்று அடித்தது. ஸ்ரீதேவி வெளியே ஓடி மற்றவர்களைக் கூப்பிட்டாள்.

பூஞ்சேரி வழியாகப் புதுப்பட்டினம் வந்து சேர ஒன்றரை மணி நேரமானது. முப்பதுக்கு மேல் அவள் வண்டியை விரட்டவில்லை. வழியெல்லாம் வைப்பரின் ஒவ்வொரு வீச்சையும் ஆறு பேரும் பார்த்துக்கொண்டே வந்தார்கள். எல்லோரையும் வீட்டு வாசலில் இறக்கியபிறகு, ஸ்டேரிங்கிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகத்தான் பிரிக்க முடிந்தது.

மறுநாள் ஃபியூஸ் வாங்கப் போனபோது தேவசகாயம் சிரித்தான். “பாத்தியாக்கா? பயம் வுட்டுப்போச்சா?”

“எங்கடா போச்சு? நீலத்துல ஒரு பத்து குடு.”

அதற்குப் பிறகும் ஒன்பது வருடம் அவள் அந்தத் தடத்தில் ஓட்டினாள். ஃபியூஸ் மாற்றவேண்டி வந்தபோதெல்லாம் அவளே மாற்றினாள். ஒவ்வொரு முறையும் வியர்த்துப்போய்த்தான் எழுந்தாள். அண்ணனிடம் அந்த ஏரிக்கரைச் சங்கதியைச் சொல்ல அவளுக்கு இரண்டு மாதம் பிடித்தது. தர்மராஜை அவசரப்படுத்தியதையும் சேர்த்தே சொன்னாள். அருணகிரி இரண்டு தட்டுகளை எடுத்து வைத்தான். பிறகு, “கரண்ட நிறுத்தாம அவன்தான கட்டைய சொருகுனான், செருப்பில்லாம நின்னான். உன்னாண்ட இன்னா தப்பு கீது ஜோதி, சாப்புடு வா” என்றான்.