தாடி வைத்த அக்கா

எங்கள் வீட்டுச் சுவர்கள் கூரை வரை போகின்றன. அப்படியிருந்தும் சென்ற வாரம் அறைக் கதவைச் சாத்தி, ரேடியோவையும் சத்தமாக வைத்துவிட்டுத்தான் அக்காவுக்குப் போன் எடுத்தேன். என் மகன் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கையை முறித்துக்கொண்டிருந்தான். எலும்பு பொருந்திவிடும், ஆனால் கை இனி முழுதாக நீளாது என்று டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். மகன் பள்ளிக்கூட அணியில் பந்து வீசுகிறவன். அவனிடம் இதை எப்போது சொல்வது, சொல்லாமலே கொஞ்ச நாள் ஓட்ட முடியுமா என்று அக்காவிடம் கேட்டேன். 

 "தாடி வச்ச அக்காவ ஞாபகம் இருக்கா?" என்றாள் அக்கா.

எனக்கு அப்போது பத்து வயது. இலங்கையில், தெமோதரைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் வீடுகள் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தின் நடுவில் எங்கள் வீடு. முன்னால் ஓர் அறை, பின்னால் அடுப்படி, இடையில் ஒரு சுவர். அந்தச் சுவர் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே போய் நின்றுவிடும்; அதற்கு மேல் தகரம் வரை வெறும் புகைதான். பக்கத்து வீட்டுச் சுவரும் அப்படியே. அவர்கள் மிளகாய் வறுத்தால் நாங்கள் தும்முவோம். நாங்கள் தும்மினால் அவர்கள் அங்கிருந்தே "நூறு" என்று வாழ்த்துவார்கள்.

அக்காவுக்குப் பதினாறு. எங்கள் லயத்தில் கதவு நிலைக்குக் குனிந்து நுழைகிற ஒரே பெண். பதுளையில் படித்துக்கொண்டிருந்தாள், வலைப்பந்தில் கோல் போடுகிறவள். அவளை ஊவா மாகாண அணிக்கு எடுத்திருந்தார்கள். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் இதைக் கேட்டவர்களுக்கும் சொன்னார், கேட்காதவர்களுக்கும் சொன்னார். அதற்கு மூன்றாவது வாரம், பயிற்சியில் பந்தை எட்டிப் பிடிக்கக் குதித்தவள், இறங்கும்போது ஈரத் தரையில் முழங்கால் திரும்பி விழுந்தாள்.

பதுளை ஆஸ்பத்திரியில் தொடையிலிருந்து கணுக்கால் வரை மாக்கட்டுப் போட்டார்கள். டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். அம்மாவையும் அப்பாவையும் வெளியே கூப்பிட்டார். நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு கூடவே போனேன்.

"பிள்ளை நல்லா நடப்பா, பயப்பிடாதேங்கோ," என்றார். "ஆனா துள்ளுறது, பாயுறது இனிச் சரிவராது. விளையாட்டை மறந்திடச் சொல்லுங்கோ."

அப்பா, "சரிங்க ஐயா, சரிங்க ஐயா," என்று ஏதோ வேலை ஏவப்பட்டவர்போலத் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவை முன்னறைப் பாயில் படுக்க வைத்துவிட்டு, அம்மா என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள். "இந்தா, அக்காகிட்ட மூச்சு விட்ட, நாக்க இழுத்து வச்சு அறுத்துருவேன். அவ இனிமே ஆட முடியாதுங்கிறது கட்டுப் பிரிக்கிற வரைக்கும் அவளுக்குத் தெரியக் கூடாது. அது வரைக்குமாவது புள்ள சிரிச்சுக்கிட்டு இருக்கட்டும்," என்று ரகசியமாகச் சொன்னாள். அம்மாவின் ரகசியம், எதிர்மலையில் கொழுந்து பறிக்கிறவளைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டையிலிருந்து வருவது. நான் சாமி படத்தின் மேல் சத்தியம் செய்தேன்.

அடுத்த கிழமை கொழும்பிலிருந்து சித்தப்பா வந்தார். மின்சாதனக் கடையில் வேலை பார்த்தவர். படுத்துக் கிடக்கிற அண்ணன் மகளுக்காக, டிவியில் பொருத்தி விளையாடுகிற பழைய கேம் பெட்டி ஒன்றும், அதற்கு ஒரே ஒரு டிஸ்கும் கொண்டுவந்திருந்தார். டிஸ்கின் உறையில் ஒரு பந்தும் வளையமும் இருந்தன.

"ஒன் வலைப்பந்துதான்டி," என்றார்.

அக்கா உறையைத் திருப்பிப் பார்த்தாள். "இது கூடைப்பந்து சித்தப்பா."

"எல்லாம் ஓட்டைக்குள்ள போடுறதுதானே."

அந்த ஆட்டத்தில் நமக்கென்று ஓர் ஆளை நாமே செய்துகொள்ளலாம். உயரம், எடை, முகம் எல்லாம் நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு ஓட்டம், குதிப்பு, பாஸ் என்று வரிசையாகக் கோடுகள் வரும். பங்குபோடக் குறிப்பிட்ட அளவு புள்ளிகள்தான் தருவார்கள். ஒன்றைக் கூட்டினால் இன்னொன்றுக்கு மிஞ்சாது. செய்கிற வேலை என்னுடையது, ஆடுவது அக்கா. பெண் முகம் ஒன்றுகூட இல்லை. இருந்ததில் அக்காவின் கண்கள் மாதிரி இருந்த முகத்துக்குத் தாடியும் இருந்தது. பரவாயில்லை என்று அதையே எடுத்து, முதுகில் ‘அக்கா’ என்று ஆங்கில எழுத்தில் அடித்தேன்.

சித்தப்பா பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை தேடுற வேலை மிச்சம். இவளே மாப்பிள்ளை ஆயிட்டா," என்றார்.

நான் அவளை ஏழடி ஆளாக்கி, குதிப்புக் கோட்டை முட்டும் வரை ஏற்றினேன். பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுகிற கோட்டுக்கு ஒரு புள்ளிகூடக் கொடுக்கவில்லை. வலைப்பந்தில் பந்தோடு ஓடினால் விசில் ஊதிவிடுவார்கள் அல்லவா? தாடி வைத்த அக்கா பந்தோடு இரண்டடி நகர்வதற்குள் சித்தப்பாவின் ஆட்கள் பறித்துக்கொண்டு போனார்கள். நாற்பதுக்கு இரண்டு என்று தோற்றோம். சித்தப்பா அதை லயம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

மறுநாள் அக்கா தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்தாள். "ஒயரத்தக் கொற. என் ஒயரம் வை. குதிப்புல இருக்கிறத எல்லாம் எடு."

"குதிக்காம எப்படிக்கா கோல் போடுறது?"

"நின்ன எடத்துலருந்து போடலாம். தூரத்துலருந்து. எல்லாத்தையும் கைக்குக் குடு."

"தட்டிக்கிட்டு ஓடுறதுக்கு?"

"அது எதுக்கு? பந்து வந்தா நிக்கணும், பாக்கணும், குடுக்கணும்."

அக்காவின் ஆள் குதிக்கவே மாட்டான். கூடையைச் சுற்றிய வளைகோட்டுக்கு வெளியே மரம் மாதிரி நிற்பான். பந்து வந்தால் உடனே யாருக்காவது கொடுப்பான். திரும்பி வந்தால் தூரத்திலிருந்து ஏந்திப் போடுவான். வலைப்பந்துக்காரியின் கை அது. சித்தப்பாவின் ஆட்கள் பறிக்க ஓடிவரும்போது அங்கே பந்து இருக்காது. நான்காம் நாள் சித்தப்பா தோற்றார். "டிஸ்க்ல பழுது," என்றார். அப்புறம் தினமும் அந்தப் பழுது வந்துகொண்டிருந்தது. லீவு முடிந்து கொழும்புக்குப் போகிற வரை அவர் ஜெயிக்கவே இல்லை.

செய்த ஆளைச் சேமித்து வைக்க மெமரி கார்ட் என்று ஒன்று வேண்டுமாம். அதைச் சித்தப்பா மறந்துவிட்டார். தோட்டத்தில் கரண்ட் போகும்போதெல்லாம் தாடி வைத்த அக்காவும் போய்விடுவான். திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ஒவ்வொரு தடவையும் அக்காவுக்குத் தெரியாமல் குதிப்பில் கொஞ்சம் ஏற்றி வைப்பேன். உண்மையை மறைக்கிற குற்றவுணர்ச்சிக்கு அது ஒரு பிராயச்சித்தம் மாதிரி இருந்தது. ஒவ்வொரு தடவையும் அக்கா கண்டுபிடித்து இறக்கச் சொல்வாள். கடைசியில் பேனாவை வாங்கி மாக்கட்டின் மேலேயே எழுதிவிட்டாள்: உயரம் என் உயரம். குதிப்பு இல்லை. ஓட்டம் கொஞ்சம். பாஸ் முழுக்க. தூரத்துக் கோல் முழுக்க.

"இனி மறக்காது பாரு," என்றாள்.

ஆறு கிழமை கழித்து, ஆஸ்பத்திரியில் மாக்கட்டை வெட்ட வந்த டொக்டர், மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அதை வாசித்தார். ‘குதிப்பு இல்லை’ என்ற இடத்தில் நிறுத்தி அம்மாவைப் பார்த்தார். "அப்ப பிள்ளைக்குச் சொல்லிப்போட்டியள். நல்லது."

அம்மாவின் முகம் செத்துவிட்டது. அக்கா மட்டும், "தெரியும் டொக்டர்," என்றாள், பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோல.

வெளியே வந்ததும் அம்மா என் தொடையைப் பிடித்துத் திருகிய திருகல் இன்னும் வலிக்கிறது.

"சத்தியமா நான் சொல்லலம்மா."

"பின்ன சாமி வந்து சொல்லுச்சா?"

"விடும்மா. அவ ஒண்ணும் சொல்லல," என்றாள் அக்கா. வெளுத்து மெலிந்துபோன காலை நீட்டிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.  எப்படித் தெரிந்தது என்று அம்மா கேட்கவில்லை.

எனக்கு அக்கா மேல்தான் கோபம். ஆறு கிழமை பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு ரகசியத்தைக் காப்பாற்றியவள் நான். அவள் எப்படியோ அதைத் தெரிந்துகொண்டு, எனக்கு அடியும் வாங்கிக் கொடுத்துவிட்டாள். பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார மறுத்து, ஜன்னலோரம் அப்பா மடியில் உட்கார்ந்து வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா அதே பாயில் படுத்தாள். நான் சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டேன். அடுப்படியில் அப்பா மூக்கைச் சிந்துவது கேட்டது. பிறகு வாயைத் துணியால் பொத்திக்கொண்டதுபோல ஒரு சத்தம், இன்னொரு சத்தம். அம்மா, "கேக்கப் போகுதுங்க," என்றாள். பஸ் ஜன்னல் காற்றில் அப்பாவுக்குத் தடிமன் பிடித்துவிட்டது, என்னால்தான், என்று நினைத்தேன்.

நான் மெல்லத் திரும்பினேன். அக்கா கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். அடுப்படிச் சுவர் முடிகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டிலிருந்து யாரோ, "நூறு," என்றார்கள்.